சூரிய மின்கலம்: சிலிக்கானுக்கு அடுத்து என்ன?

(பெங்களூரில் பொறியியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் அடங்கிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1975 ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து விண்ணில் ஏவப்பட்ட ஆரியபட்டா, பெங்களூரை அடுத்த பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவான செயற்கைக்கோள். சுமார் 360 கிலோகிராம் எடை, 26 முகங்கள். மேல்முகமும் அடிமுகமும் நீங்கலாக மற்றவை அனைத்தையும் சூரிய மின்கலங்கள் போர்த்தியிருந்தன. கோளை வடிவமைத்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள்; மின்கலங்களோ சோவியத் நாடு கொடுத்து உதவியவை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு, அவ்வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கும் பொருளை வெளியிலிருந்து பெற வேண்டியிருந்தது.

அதன்பின் நிலைமை வெகுவாக மாறியது. 1977இல் சாகிபாபாத்திலுள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நாட்டின் முதல் சூரிய மின்கலத்தைத் தயாரித்தது. பெங்களூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் மின்னணுப் பிரிவு மின்கலங்களையும், விண்கலங்களுக்கான சூரியத் தகடுகளையும் செய்யத் தொடங்கியது. 1989இல் டாட்டா நிறுவனமும் பிரிட்டிஷ் பெட்ரோலியமும் கூட்டாக இந்நகரில் ஓர் ஆலையை நிறுவின. 1995இல் தோன்றிய செல்கோ நிறுவனம், வங்கிக் கடனுதவியுடன் கர்நாடகக் கிராம வீடுகளுக்குச் சூரிய விளக்குகளைக் கொண்டு சென்றது. 2010இல் 20,000 மெகாவாட் என்ற இலக்குடன் தொடங்கப்பட்ட தேசிய சூரிய இயக்கத்தின் இலக்கு 2015இல் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் நாடு அதனை எட்டியது.

எனினும் பழைய குறை முற்றிலும் நீங்கிவிடவில்லை. மணலிலிருந்து மின்சாரம் வரையிலான சங்கிலியில் பல கண்ணிகள் உண்டு: தூய சிலிக்கான், அதை உருக்கி வார்க்கும் படிகம், படிகத்தை அறுத்துப் பெறும் வில்லை, வில்லையைப் பதப்படுத்திச் செய்யும் கலம், கலங்களைக் கோத்து அமைக்கும் தகடு. தகடு செய்யும் திறன் இந்தியாவில் 2025 ஆகஸ்டில் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. கலம் செய்யும் திறன் அதில் ஒரு பகுதியே. வில்லைக்கும் தூய சிலிக்கானுக்கும் வந்தால் கைவிரித்தாக வேண்டிய நிலை. உலகத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவிகிதத்திற்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் கணக்கிட்டது.

மேட்டூரில் நடந்தது

முதல் கண்ணியை நாட்டிலேயே வார்க்கும் முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. இன்றைய மாணவர்களில் பலர் அதை அறியமாட்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தியும் அவருடைய குழுவினரும் மிகத்தூய சிலிக்கானைத் தயாரிக்கும் முறையை உருவாக்கினர். உலோகத் தரச் சிலிக்கானை ஹைட்ரஜன் குளோரைடுடன் வினைபுரியச் செய்தால் ட்ரைகுளோரோசிலேன் என்னும் திரவம் கிடைக்கும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி, சுமார் 1,100 டிகிரி வெப்பமுள்ள சிலிக்கான் கம்பிகளின் மேல் ஹைட்ரஜனுடன் செலுத்தினால், தூய சிலிக்கான் அவற்றின்மீது படிந்து வளரும். எழுதுவதற்கு எளிது. தூய்மை பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாசு என்ற அளவில் இருக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் திரவத்தைக் கையாள வேண்டும். மின்சாரமும் ஏராளமாகச் செலவாகும்.

குளோரின் வேதித்தொழிலில் பழகிய மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் இம்முறையை ஏற்றது. அணைக்கரையில் மெட்கெம் சிலிக்கான் ஆலை உருவாயிற்று. கர்நாடகமும் தமிழ்நாடும் காவிரியின் பெயரால் வழக்காடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெங்களூர் ஆய்வகமும் மேட்டூர் ஆலையும் கூடி இந்த வேலையைச் செய்தன என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

1980களின் நடுப்பகுதியில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் தொழில் நுட்பம் வாங்கித் தேசிய சிலிக்கான் ஆலை ஒன்றைப் பெரிய அளவில் அமைப்பதா, உள்நாட்டு முறையை ஊட்டி வளர்ப்பதா என்பதே கேள்வி. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சிறு ஆலையில் அடக்கவிலை குறையாது என்பது ஒரு தரப்பின் வாதம். தொழில் நுட்பத்தை விலைக்கு வாங்கினால் அடுத்த தலைமுறைக்கு மீண்டும் வாங்க வேண்டிவரும் என்பது மறு தரப்பின் வாதம். இறுதியில் பெரிய ஆலையும் எழவில்லை. உள்நாட்டு முறையும் உலக அளவுக்கு வளரவில்லை. விவாதத்தில் கழிந்த காலத்தைப் பிற நாடுகள் ஆலை கட்டுவதில் கழித்தன.

பழங்கதையை இவ்வளவு விரித்துரைக்கக் காரணம் உண்டு. சிலிக்கானுக்கு அடுத்த தலைமுறைப் பொருள்கள் இப்போது ஆய்வகத்தின் வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அதே கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது.

ஒரு சல்லடையும் இரண்டு சல்லடைகளும்

சிலிக்கான் கலத்திற்கு இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு. ஒளித்துகள் குறைகடத்தியில் எலக்ட்ரானை விடுவிக்க, ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றலேனும் பெற்றிருக்க வேண்டும். சிலிக்கானுக்கு அந்த அளவு 1.1 எலக்ட்ரான் வோல்ட். அதற்குக் குறைந்த துகள்கள் பயனின்றி ஊடுருவிச் சென்றுவிடும். மிகுந்தவை எலக்ட்ரானை விடுவித்தாலும், மிச்ச ஆற்றல் வெறும் வெப்பமாகிவிடும். ஒரே குறைகடத்தியால் ஆன கலம் எப்பொருளால் செய்யப்பட்டாலும் சுமார் 33 சதவிகிதத்தைத் தாண்டாது; இத்தகைய எல்லை உண்டு என்று ஷாக்லியும் க்வைசரும் 1961இல் கணக்கிட்டுக் காட்டினர். சிலிக்கானுக்கு நடைமுறை எல்லை 29 சதவிகிதத்தை ஒட்டியது. 1954இல் பெல் ஆய்வகத்தின் முதல் கலம் 6 சதவிகிதம் தந்தது. இன்று சிறந்த ஆய்வகக் கலங்கள் 27 சதவிகிதத்தைக் கடந்துவிட்டன. ஏறுவதற்கு மீதமிருக்கும் படிகள் மிகச் சில.

ஆகவே ஒரே சல்லடைக்குப் பதிலாக இரண்டை அடுக்குவது என்ற யோசனை வலுப்பெற்றுள்ளது. நீல ஒளியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொருள் மேலே. அது விட்டுவிடும் சிவப்பொளியைப் பிடிக்கும் சிலிக்கான் கீழே. விண்கலங்களில் காலியம் ஆர்சனைடு முதலிய பொருள்களாலான அடுக்குக் கலங்கள் நெடுநாளாகப் பயன்படுகின்றன. அவற்றின் விலையைச் செயற்கைக்கோள் தாங்கும். விவசாயியின் பம்புசெட் தாங்காது.

மேலடுக்குக்கு மலிவான பொருளாக இன்று முன்னணியில் நிற்பது பெராவ்ஸ்கைட். யூரல் மலையில் 1839இல் கண்டறியப்பட்ட கனிமம் ஒன்றின் பெயர் அது. அதே படிக அமைப்பைக் கொண்ட ஈய அயோடைடு கூட்டுப்பொருள்களே மின்கலங்களில் பயன்படுகின்றன. 2009இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் செய்த கலம் 3.8 சதவிகிதமே தந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது 26 சதவிகிதத்தைத் தாண்டியது. சிலிக்கானோடு அடுக்கிய கலத்தில் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024இல் 34.6 சதவிகிதத்தை எட்டியது. பிரிட்டனில் தோன்றிய ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனம் அதே ஆண்டு இவ்வகைத் தகடுகளை விற்பனைக்கு அனுப்பியது.

செய்முறையும் எளிது. சிலிக்கான் 1,414 டிகிரியில்தான் உருகும்; அதன் வில்லை சுமார் 150 மைக்ரான் தடிமன். பெராவ்ஸ்கைட்டோ கரைசலாகப் பூசப்பட்டு 100 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே படிகமாகிவிடுகிறது. அரை மைக்ரான் படலம் போதும். கோடிக்கணக்கில் முதலீடு கேட்கும் உலைகள் இன்றி, அச்சகத்தை ஒத்த ஆலையில் மின்கலம் செய்யலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே.

இத்துறையில் பெங்களூர் பின்தங்கியிருக்கவில்லை. ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் கே. எஸ். நாராயண் குழுவினர் கரிமக் குறைகடத்திகளாலான மின்கலங்களை நீண்டகாலமாக ஆராய்ந்து வருகின்றனர். இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் பாட்டீல் குழுவினர் அத்தகைய பாலிமர்களைத் தொகுத்துருவாக்குகின்றனர். 2012இல் தொடங்கிய இந்திய - அமெரிக்க சூரிய ஆற்றல் ஆய்வுக் கூட்டமைப்புக்கு இந்தியத் தரப்பில் தலைமை ஏற்றதும் இக்கழகமே. அங்குள்ள நானோ அறிவியல் மையத்தின் தூய அறைகளில், பயனாளர் திட்டத்தின் கீழ் பிற கல்லூரி மாணவர்களும் பயிற்சி பெற்றுக் கருவிகளைச் செய்து பார்த்திருக்கின்றனர்.

துளியிலிருந்து தகடு வரை

ஆய்வகத்தின் சாதனைக் கலம் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். சுழலும் கண்ணாடித் துண்டின்மீது ஒரு துளி கரைசலை விட்டுப் படலமாக்குகிறார்கள். கரைசலின் பெரும்பகுதி சிதறி வீணாகிறது. இரண்டு சதுர மீட்டர் தகட்டிற்கு இம்முறை உதவாது. நீண்ட பிளவின் வழியே கரைசலை ஒரே சீராகப் பூசும் முறை, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியச் செய்யும் முறை ஆகியவை முயலப்படுகின்றன. ஊசித்துளை ஒன்று விழுந்தாலும் அவ்விடத்தில் மின்சாரம் குறுக்கே ஒழுகிவிடும். பரப்பு பெருகப் பெருகச் செயல்திறன் குறைவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய தடை ஆயுள். ஈரம், வெப்பம், புறஊதாக் கதிர் மூன்றுமே பெராவ்ஸ்கைட்டைச் சிதைக்கின்றன. ஈயம் கலந்திருப்பதால், உடைந்த தகடுகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பும் கூடுகிறது. சிலிக்கான் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்ட சந்தையில், ஐந்தாண்டு தாங்கும் பொருளை யாரும் வாங்கமாட்டார்கள். 85 டிகிரி வெப்பம், 85 சதவிகித ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்ற சர்வதேசச் சோதனையில் தேறுவது முதல் படி மட்டுமே. மும்பை ஐ.ஐ.டி.யும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் நாடு முழுதும் நடத்திய ஆய்வுகள், பழகிப்போன சிலிக்கான் தகடுகளே வெப்பமிகு பகுதிகளில் விரைவாகத் தேய்கின்றன என்று காட்டின. பெங்களூரின் இதமான காற்றில் தாங்கும் கலம் ஜெய்சல்மேர் மணலிலும் சென்னைக் கடற்காற்றிலும் தாங்கும் என்று கருதுவதற்கு இடமில்லை.

விலையின் கணக்கு

1977இல் ஒரு வாட்டுக்குச் சுமார் 76 டாலராக இருந்த மின்கலத்தின் விலை, 2024இல் முழுத் தகட்டுக்கே பத்து சென்ட்டை ஒட்டி இறங்கிவிட்டது. இவ்வளவு மலிந்த பொருளோடு புதிய பொருள் எங்ஙனம் போட்டியிடும் என்ற ஐயம் இயல்பானது. நிலம், தாங்கு சட்டம், கம்பிவடம், கூலி ஆகியவை தகட்டின் பரப்பைப் பொறுத்தவை என்பதை இங்கே கருத வேண்டும். தகடு மலிய மலிய, மொத்தச் செலவில் இவற்றின் பங்கு கூடுகிறது. ஆகவே செயல்திறனின் மதிப்பும் கூடுகிறது.

தும்கூரு மாவட்டத்தின் பாவகடா சூரியப் பூங்கா 2,050 மெகாவாட் திறனுடையது. சுமார் 13,000 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அங்கே நிலம் கையகப்படுத்தப்படவில்லை; தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் வீதம் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. 22 சதவிகிதத் தகடுகளுக்கு 13,000 ஏக்கர் தேவைப்படும் ஒரு பூங்காவில் 30 சதவிகிதத் தகடுகளைப் பொருத்தினால், ஏறத்தாழ 3,500 ஏக்கர் மிச்சமாகும். மின்வாரியத்திற்கு அது ஆதாயம். குத்தகையை நம்பியிருக்கும் வறட்சிப் பகுதி விவசாயிக்கு அது வேறு கணக்கு. நிலமே இல்லாமல் அங்கே கூலிவேலை செய்து வந்தவர்களுக்குக் குத்தகைப் பணமும் வரவில்லை என்பதையும் திட்ட அலுவலர்கள் மறந்துவிடலாகாது.

உள்நாட்டு உற்பத்தியைக் காக்க 2022 ஏப்ரலில் தகடுகளுக்கு 40 சதவிகிதமும் கலங்களுக்கு 25 சதவிகிதமும் இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. விகிதங்கள் பின்னர் மாற்றியமைக்கப்பட்டன. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகையாக 24,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் சிலிக்கானே இல்லாத காட்மியம் டெல்லுரைடு மென்படலத் தகடுகளின் ஆலையைத் திறந்தது. ஆலை இங்கே இருக்கிறது. பொருளின் இரகசியம் அந்நிறுவனத்திடம் இருக்கிறது.

வரியும் ஊக்கத்தொகையும் ஆலைகளைக் கொணரும். ஆய்வகத்திற்கும் ஆலைக்கும் இடைப்பட்ட முன்னோடிக் கட்டத்தை, அதாவது நகத்தளவுக் கலத்தை ஒரு சாளரத்தின் அளவுக்கு வளர்த்து ஆண்டுக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார்க்கும் கட்டத்தை, அவை எட்டுவதில்லை. ஆய்வு நிதி வழங்கும் துறைக்கு அது தொழிலாகத் தெரிகிறது. கடன் வழங்கும் வங்கிக்கு அது ஆராய்ச்சியாகத் தெரிகிறது. மேட்டூர் முயற்சி இளைத்ததும் இந்த இடைவெளியில்தான் என்று கருத இடமுண்டு. செய்யக்கூடியது பெரிய செலவும் அன்று. பெங்களூர் ஆய்வகங்கள் செய்யும் தகடுகளில் சில நூறை, உத்தரவாதம் கேளாமல் அரசே வாங்கி, பாவகடாவிலும் ராஜஸ்தானிலும் தூத்துக்குடிக் கடற்கரையிலும் நிறுத்தி, மாதந்தோறும் அளவெடுத்து முடிவுகளை அனைவருக்கும் வெளியிடலாம். 25 ஆண்டு உத்தரவாதத்திற்கான சான்று அவ்வாறுதான் திரளும். இன்று நிறுத்தப்படும் தகட்டின் முதல் ஐந்தாண்டுக் கணக்கைப் படிக்கப்போகிறவர்கள், இந்த அவையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களே.