வாந்திக்கு மருந்து ஒன்றன்று

வாந்தி என்பது சபையிற் பேசத்தக்க பொருளன்று எனச் சிலர் கருதலாம். ஆயினும் அதனை அறியாத வீடு இல்லை. பஸ் வண்டியிற் செல்லும் சிறுவன், கருவுற்ற மங்கை, வயிற்றோட்டத்தால் வாடும் குழந்தை, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் நோயாளி ஆகிய நால்வரும் ஒரே விதமாகவே ஓங்காளிக்கின்றனர். துன்பம் ஒன்றாய்த் தோன்றுவதால் மருந்தும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அயல்வீட்டில் மிஞ்சிய குளிகை நம் வீட்டுக்கு வருவதும் இதனாலேதான். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். நான் வைத்தியனல்லன், பிள்ளைகளோடு பழகும் ஆசிரியன். மருந்து நூல்கள் கூறுவனவற்றை எளிமையாகச் சொல்வதே என் பணி.

வாந்தி, உண்மையில், உடலின் காவலாளி. உண்ட நஞ்சை வெளியே தள்ள இயற்கை வகுத்த ஏற்பாடு அது. மூளையின் அடித்தண்டிலே அதற்குரிய ஆணைபீடம் உளது. அங்கே செய்தி செல்லும் வாயில்களோ பல. உடலின் சமநிலையை உணரும் உட்செவி ஒரு வாயில். இரைப்பையும் குடலும் மற்றொன்று. அங்கிருந்து வேகசு என்னும் நீண்ட நரம்பு செய்தியைச் சுமந்து செல்லும். மூன்றாவது, குருதியைச் சோதிக்கும் சிறியதொரு மூளைப் பகுதி. கண்ட பொருளும் மூளைக்குட் புகாதபடி இயற்கை அமைத்த தடுப்பு, அவ்விடத்தில் மட்டும் தளர்ந்திருக்கும். ஆதலால் குருதியிற் கலந்த நஞ்சை அப்பகுதி விரைவில் அறிந்துகொள்ளும்.

ஒவ்வொரு வாயிலிலும் செய்தி சுமக்கும் இரசாயனத் தூதுவர் வேறு. தூதுவன் வந்து அமரும் ஆசனத்தை வாங்கி என்பர். மருந்து அவ்வாசனத்தில் முன்னரே அமர்ந்து தூதுவனுக்கு இடமில்லாது செய்கின்றது. இதுவே இம்மருந்துகளுட் பெரும்பாலானவற்றின் இரகசியம்.

பயணத்தில் வரும் குமட்டலை முதலில் நோக்குவோம். இங்கே தூதுவர் ஹிஸ்டமினும் அசற்றைல்கோலினும் ஆவர். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், காணாக்கடிக்காக டைமென்ஹைட்ரினேற் என்னும் மருந்தை உட்கொண்ட பெண்ணொருத்தி, டிராம் வண்டியில் தனக்கு வழமையாக வரும் குமட்டல் நின்றுவிட்டதைக் கண்டாள். கே, கார்லினர் என்னும் வைத்தியர் இருவர் 1948ஆம் ஆண்டிலே அட்லாந்திக் கடலைக் கடந்த படைக்கப்பலொன்றில் அதனைச் சோதித்து, அதன் பயனை உறுதிசெய்தனர். அசற்றைல்கோலினைத் தடுக்கும் ஹயோசின் என்பதோ, நம் வேலியோரத்து ஊமத்தையிலும் உள்ள பொருள். அளவறிந்து கொடுத்தால் மருந்து. செடியாகத் தின்றால் உயிர்கொல்லும் நஞ்சு. இவ்விரு மருந்தும் பயணத்துக்கு முன்னரே உட்கொள்ளத் தக்கவை. உறக்கமும் வாய்வறட்சியும் தருவன. முதியோரின் அறிவையும் சிலவேளை மயக்குவன.

குருதியைச் சோதிக்கும் பகுதியில் டோப்பமின் என்னுந் தூதுவன் முக்கியமானவன். மெற்றோகுளோபிரமைட், டொம்பெரிடோன் ஆகியன அவனைத் தடுத்து, இரைப்பை விரைந்து வெறுமையாகவும் உதவுகின்றன. எனினும், முன்னையது மூளைக்குள்ளும் புகுவதால், இளையோர் சிலருக்குக் கழுத்து முறுக்கிக் கண்கள் மேலே செருகிக்கொள்ளும். பின்னையது மூளைக்கு அதிகம் செல்லாது. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சிலரிடத்துக் குலைக்கும்.

சிஸ்பிளாற்றின் போன்ற புற்றுநோய் மருந்துகள் குடற்சுவரிலிருந்து செரற்றோனின் என்னுந் தூதுவனைப் பெருவாரியாக வெளிப்படுத்துவன. அவ்வாந்திக்கு அஞ்சிச் சிகிச்சையையே கைவிட்டோரும் உளர். 1990ஆம் ஆண்டளவிற் பயன்பாட்டுக்கு வந்த ஒன்டன்செற்றோன், அத்தூதுவனைத் தடுத்து அவர்களுக்குப் பெரும் ஆறுதலளித்தது.

இத்துணை வல்லமை பெற்ற அம்மருந்து, சுற்றுலாப் பஸ்ஸில் ஏறும் மாணவனுக்குப் பெரிதும் பயன்படாது! அவன் குமட்டல் உட்செவி வாயிலால் வருவது. மருந்தோ வேறொரு வாயிலை அடைக்கின்றது. பெரியம்மாவுக்கு நின்றதே என்று பிள்ளைக்குக் கொடுப்பதன் பேதைமை இதனாற் புலனாகும்.

கருவுற்றோர் பொருட்டு ஒரு வார்த்தை. தலிடோமைட் என்னும் மருந்து 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. ஆபத்தற்றதென நம்பி, கருக்காலக் குமட்டலுக்கும் அதனைப் பல நாடுகளில் உண்டனர். 1961ஆம் ஆண்டின் இறுதியில் அது அங்கே மீட்டுக்கொள்ளப்படுமுன், கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்துவிட்டன. இக்காரணத்தால், கடும் வாந்தியைக் கருவுற்ற பெண் பொறுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதன்று. அவளுக்கு ஏற்ற மருந்துகள் உள. அவற்றைத் தேர்வது வைத்தியரின் கடமை.

வயிற்றோட்டத்தோடு வாந்தியெடுக்கும் குழந்தைக்கு முதல் மருந்து குளிகையன்று. இழந்த நீரும் உப்பும். ஜீவனியைப் பொதியிற் கூறியவாறு கரைத்து, கரண்டி கரண்டியாகப் பலமுறை பருக்குக. குழந்தை சோர்ந்து உறங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், வாந்தியிற் பச்சைநிறமோ இரத்தமோ தோன்றினாலும், தலையில் அடிபட்டபின் வாந்தி வந்தாலும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. அத்தகைய வேளையிற் குளிகையால் வாந்தியை அடக்குதல், திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போலாகும்.

ஆகவே, நேயர்களே, வாந்தியை நிறுத்துவது எது என்று கேட்குமுன், அது எவ்வாயிலால் வந்தது என்று கேட்போமாக.