நியூசிலாந்துச் சாலையில் எங்களுக்கு வழிகாட்டியது யார்?

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"மூன்று வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். படம் காட்டிப் பேசும் அளவுக்கு நான் பெரிய பயணி இல்லை. குடும்பத்தோடு போய்த் தடுமாறிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் போய் இறங்கியது ஜூன் மாதம். நமக்குக் கத்திரி வெயில் முடிகிற நேரம், அங்கே நடுங்கும் குளிர்காலம். விமான நிலையத்திலேயே முதல் பாடம் கிடைத்தது. கொண்டு வந்த உணவுப் பொருள்களையெல்லாம் படிவத்தில் எழுதிவிட வேண்டும். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி, வற்றல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கீரை விதைப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாடகை அங்கே வாரக் கணக்கு. முன்பணம் அதிகபட்சம் நான்கு வார வாடகைதான். அதுவும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசாங்கத்திடம் போய்விடும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வீடு பழைய மரவீடு. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழியும். தினமும் துணியால் துடைப்பது என் வேலை.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. இங்கே நம் பூங்காவில் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தவள், அங்கே பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசிரியை சொல்வதெல்லாம் புரியும், தலையாட்டுவாள், அவ்வளவுதான். ஒரு வாரம் இல்லை, ஆறு மாதம் இப்படியே போனது. டிசம்பரில் பள்ளி மூடியபோது என் மனைவி, "திரும்பிப் போயிடலாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றார். ஊருக்கு டிக்கெட் விலைகூடப் பார்த்து வைத்தோம்.

அந்தக் கோடை விடுமுறையில், ஜனவரியில், ஒரு பழைய காரை எடுத்துக்கொண்டு தெற்குத் தீவைச் சுற்றக் கிளம்பினோம். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் எனக்குத் துணிச்சல். ஆர்தர்ஸ் பாஸ் என்ற 920 மீட்டர் உயர மலைக் கணவாயில் நிறுத்தினோம். அங்கே கீ என்ற மலைக்கிளிகள் உண்டு. நாங்கள் டீ குடிப்பதற்குள் ஒன்று வந்து கார் ஜன்னலின் ரப்பரைக் கொத்தி இழுக்க ஆரம்பித்துவிட்டது. பின்சீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேற்குக் கரைக்குப் போனபின் சாலையில் ஒற்றைத் தடப் பாலங்கள் வர ஆரம்பித்தன. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். யார் முதலில் போவது என்பதைப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் பலகை சொல்லிவிடும். நாம் போகும் திசையில் இருக்கும் அம்பு சின்னதாகச் சிவப்பாக இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். நீலப் பலகையில் நம் அம்பு பெரிதாக வெள்ளையாக இருந்தால் நமக்கு முன்னுரிமை. நம் ஊரில் குறுகிய பாலம் வந்தால் ஹெட்லைட்டை அடித்துவிட்டு முந்துகிறவன் போவான். எனக்கு அந்தப் பழக்கம்.

அதனால் மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். "பலகையைப் பார்த்து நீதான் அப்பாவுக்குச் சொல்லணும்." அங்கே ஏழு வயது முடியும் வரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். அந்த உயரத்தில் அவளுக்குச் சாலை நன்றாகத் தெரியும். பாலத்துக்குப் பாலம் "சிவப்பு!", "வெள்ளை!" என்று குரல் வரும்.

ஃபாக்ஸ் கிளேசியர் தாண்டி ஹாஸ்ட் நோக்கிப் போகிறோம். அந்தப் பகுதிக்குச் சாலை முழுதாக வந்ததே 1965-இல்தான். மழைத் தூறல், இருபுறமும் காடு, கைபேசியில் சிக்னல் இல்லை. நான் ஒரு நிமிடம் மலையைப் பார்த்துவிட்டேன். "அப்பா, சிவப்பு! நில்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு கத்தல். பிரேக்கை மிதித்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பெரிய கேம்பர் வேன் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. எங்களைக் கடக்கும்போது அந்த ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. மகள் மட்டும், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றாள்.

பிறகு வனாகா, டெகாபோ ஏரி, பனி மூடிய 3,724 மீட்டர் உயர ஆவோராகி மலை எல்லாம் பார்த்தோம். ஆனால் வீடு திரும்பும் வரை பேச்செல்லாம் அந்தப் பாலத்தைப் பற்றித்தான்.

பிப்ரவரியில் பள்ளி திறந்தது. ஒருநாள் மாலை அழைத்துவரப் போனபோது ஆசிரியை என் மனைவியை நிறுத்தினார். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து போய்ப் பலகையில் இரண்டு அம்பு வரைந்து, எது நிற்கணும், எது போகணும் என்று சொல்லியிருக்கிறாள். மொத்தமே நாலைந்து வாக்கியம். என் மனைவி பள்ளி வாசலிலேயே அழுதுவிட்டார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை; தோழிகளோடு சரளமாகப் பேச இன்னும் ஒரு பருவம் ஆனது. ஆனால் டிக்கெட் விலை பார்ப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இந்த ஆண்டு நம் பிளாக்குகளுக்கு வெளிமாநிலத்திலிருந்து சில குடும்பங்கள் வந்திருக்கின்றன. மாலையில் விளையாட்டுத் திடலின் ஓரமாக ஒன்றிரண்டு பிள்ளைகள் பேசாமல் நிற்பதைப் பார்க்கிறேன். "பேசு, பேசு" என்று அவர்களைக் கேட்காதீர்கள். ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள், பந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், கோலப் போட்டிக்கு வண்ணப் பொடி பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வேலை கையில் இருந்தால் பேச்சு தானாக வரும். பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் கேளுங்கள். பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள், பாலம் வந்தால் பலகையைப் பாருங்கள். பின்சீட்டுக் குரலையும் கொஞ்சம் கேளுங்கள்.