வேலை போனாலும் வைத்தியம் நிற்கலாகாது

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



 புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே.

நம் மஹல்லாவின் அடுப்புகளில் பெரும்பாலானவை தோல் பதனிடும் ஆலைகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பியே எரிகின்றன. ஆர்டர் குறைந்தால் ஆட்குறைப்பு வருவது நாம் அறிந்ததே. சம்பளம் நிற்பது உடனே தெரிகிறது; மருத்துவப் பாதுகாப்பு நிற்பதையோ வீட்டில் நோய் வந்த பின்னரே உணர்கிறோம்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் வேலையிழந்த சகோதரர் ஒருவர், இ.எஸ்.ஐ. அட்டை இனிச் செல்லாது என்றெண்ணி அதைப் பெட்டியில் வைத்துவிட்டார். நவம்பரில் அவருடைய துணைவியாருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. நகைகள் அடகுக்குப் போயின. போதாத தொகைக்காக ஜும்ஆவுக்குப் பின் நாம் துண்டு விரித்தோம். அவருடைய உரிமை அப்பொழுதும் நீடித்திருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. எடுத்துச் சொல்லாத நாங்களே பொறுப்பாளிகள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை ஆகும். அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆகவே, தொடர்ந்து பணியாற்றி ஆகஸ்டில் விலகியவர் மறு ஆண்டு ஜூன் 30 வரை குடும்பத்துடன் மருத்துவ வசதி பெறலாம். வயது முதிர்ந்து ஓய்வு பெறுவோர், குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவியாருக்கும் அவ்வசதியைத் தொடரலாம்.

ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தோருக்காக 2005ஆம் ஆண்டில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டமும், 2018இல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டமும் ஏற்படுத்தப்பட்டன. இவற்றின் விதிகள் மாறிவந்திருப்பதால், வேலை போன வாரமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தை அணுகுதல் நன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பும் 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பத்தினர் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

அலுவலகப் பணியிலுள்ள நம் இளைஞர்களின் நிலை வேறு. நிறுவனம் எடுத்த குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். விலகுமுன்பே விண்ணப்பித்து அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழியுண்டு. பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிந்த பகுதியும் கணக்கில் வரும். ஆனால் பிரீமியத்தைச் சம்பளமில்லாத கையே செலுத்த வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெற்றோரை வைத்திருப்பவருக்கு அது பெருஞ்சுமை.

எனவே பொதுக்குழுவின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, வேலையிழந்தோரின் தாள்களைப் பார்த்து விண்ணப்பம் எழுதித்தர, ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் படித்த இளைஞர் இருவர் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர வேண்டும். இரண்டு, மருத்துவப் பாதுகாப்பு அறுந்துபோகும் குடும்பங்களுக்கு ஓராண்டுச் செலவில் ஒரு பகுதியை பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாக வழங்க வேண்டும். தனியார் காப்பீடு பற்றிய மார்க்க நிலையையும், இதற்கு எந்த நிதியைப் பயன்படுத்தலாம் என்பதையும் உலமாக்களிடம் கேட்டே செயற்படுவோம்.

பெரிய தொகைக்குத் துண்டு விரிக்கும் நாள் வருமுன், சிறிய தொகையை மறைவாகக் கொடுத்துவிட்டால் ஒரு சகோதரரின் மானமும் காக்கப்படும். வேலை போனதைச் சொல்ல வெட்கப்படுவோரே, எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். அது அமானிதமாகக் காக்கப்படும்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், வேலையிழந்தோருக்கு ஹலாலான ரிஸ்கையும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.