யாழ்தேவிக்கென்று வாங்கிய பெட்டி



போன கோடையில் ரூஜ் பக்கத்துக் கராஜ் சேல் ஒன்றில் ஐந்து டொலருக்கு ஒரு பழைய மாதிரி றெயில்பெட்டி வாங்கினேன். பயணிகள் பெட்டி. எச்.ஓ. அளவு, அதாவது உண்மையானதில் 87இல் ஒரு பங்கு. நீளம் பத்து அங்குலம். யாரோ தடிப்பாக மண்ணிறப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அந்த நிறத்தைக் கண்டதும் இதை யாழ்தேவி ஆக்கவேண்டும் என்று ஆசை வந்தது.

1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஜூனோடு யாழ்ப்பாணம் வருவது நின்றுபோனது. என்னை முதன்முதலில் அதில் கொழும்புக்குக் கூட்டிப்போனவர் எங்கள் பெரியண்ணர்.

பெட்டியில் பிளாஸ்ரிக் சில்லுகளைக் கழற்றி உலோகச் சில்லுகள் போட்டேன். கொக்கிகளையும் காந்தத்தால் கழலும் கேடீ கொக்கிகளாக மாற்றினேன். அடுத்தது நிறை. நிறை போதாவிட்டால் வளைவில் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி றெயில் சங்கம் சொல்லும் கணக்கு: அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பிறகு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். பத்து அங்குலத்துக்கு ஆறு அவுன்ஸ், 170 கிராம். என்னுடையது 110தான். பற்றாக்குறை என்றால் கணக்காளனுக்கு நித்திரை வராது. 2013இல் விநியோகம் நின்ற கனடிய ஒரு சத நாணயங்கள் ஒரு போத்தல் நிறையக் கிடந்தன. 1982 முதல் 1996 வரை அடித்தவை தலா இரண்டரைக் கிராம். 24 நாணயங்களை உள்ளே ஒட்டினேன், கணக்குச் சரி. பிந்திய உருக்கு நாணயங்களை ஒட்டாதீர்கள், கொக்கி கழற்றும் காந்தம் அவற்றையும் இழுக்கும்.

பிறகு பெயின்ற். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் பஞ்சைத் தோய்த்து ஒரு பக்கத்தை மெல்லத் தேய்த்தேன். மண்ணிறத்தின் கீழே பச்சை தெரிந்தது, பொன்னிறத்தில் கனேடியன் நஷனல் என்ற எழுத்தும். 1961இல் கறுப்பு வெள்ளைக்கு மாறமுன் சி.என். பெட்டிகளின் நிறம் அதுதான்.

கை நின்றுவிட்டது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து யாழ்தேவியின் நிறம் என்னவென்று கேட்டேன். அவ வேறொரு நிறம் சொன்னா. தீர்த்துவைக்க அண்ணர் இல்லை. சரியான நிறம் கிடைத்தாலும் தண்டவாளம் பொருந்தாது: எங்கள் ஊர்ப் பாதை ஐந்தரை அடி அகலம், எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். யாழ்தேவிக்கு இன்னும் மூன்று மில்லிமீற்றர் வேண்டும்.

2014 ஒக்ரோபர் 13இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அண்ணர் பார்க்கவில்லை.

மறுபக்கத்தை நான் தொடவில்லை. பெட்டி இப்போது ஒரு பக்கம் சி.என். பச்சை, ஒரு பக்கம் மண்ணிறம். ஓட்டி முடிந்ததும் மண்ணிறம் என் கதிரையைப் பார்க்கும்படிதான் நிறுத்துகிறேன்.