"அங்கிள், ராஜா முன்னாடி போகணும்!"

இன்னைக்கு எபிசோடு செஸ் பத்தி. பயந்து ஓடாதீங்க, கிராண்ட்மாஸ்டர் கதை இல்ல. ஆஃபீஸ் போயிட்டு வந்து, சாப்பிட்டுட்டு, போன்ல ஒரு கேம் போடலாம்னு உட்கார்ற உங்களையும் என்னையும் மாதிரி ஆளுங்களோட கதை.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூர்ல நம்ம சென்னைப் பையன் குகேஷ், டிங் லிரெனைத் தோற்கடிச்சு 18 வயசுல உலக சாம்பியன் ஆனார். அன்னைக்கு ராத்திரி சென்னைல எத்தனை பேர் செஸ் ஆப் டவுன்லோடு பண்ணியிருப்பாங்களோ தெரியாது. நான் பண்ணல, ஏன்னா அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா ஆடிட்டு இருந்தேன். மெட்ரோல மூணு நிமிஷ பிளிட்ஸ், லஞ்ச்ல மூணு நிமிஷ பிளிட்ஸ், ராத்திரி படுத்துக்கிட்டு "இன்னும் ஒரே ஒரு கேம்"னு ஆரம்பிச்சா மணி ரெண்டு. ரெண்டாயிரம் கேமுக்கு மேல ஆடியிருக்கேன். ஆரம்பிச்சப்போ ரேட்டிங் 1050. ரெண்டு வருஷம் கழிச்சு 1100. அவ்வளவுதான்.

ஒரு நாள் ராத்திரி ஜெயிக்கிற பொசிஷன்ல இருந்தேன், கடிகாரத்துல 20 செகண்டு. அம்மா போன் பண்ணாங்க. கட் பண்ணிட்டேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் கட். அந்த கேம்ல தோத்தேன். கோபத்துல அடுத்த கேம், அதுலயும் தோல்வி, அதுக்கு அடுத்தது. அம்மாவைக் கூப்பிடவே இல்ல. மறுநாள் காலைல தங்கச்சி சொல்லித்தான் தெரியும், அப்பாவுக்கு சுகர் ரொம்ப ஏறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனா "நீ பிஸியா இருப்பேன்னு நெனச்சேன்டா"ன்னு அம்மா சொன்னது இன்னும் காதுல கேக்குது. நான் பிஸியா இல்ல. முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட ராணியை இழந்துட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் ஆப்பை அழிச்சேன். ஒரு மாசம் தொடவே இல்ல. அப்போதான் ஒரு ஃபிரெண்டு, ஞாயித்துக்கிழமை ஒரு ரேபிட் டோர்னமெண்ட் இருக்கு, நேர்ல போர்டுல ஆடிப் பாருன்னு கூட்டிட்டுப் போனான். மூணாவது ரவுண்டுல எனக்கு எதிர்ல ஒரு பொண்ணு. பத்து வயசு இருக்கும். கால் தரையைத் தொடல.

கேம் நல்லாத்தான் போச்சு. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு யானை. யானையை மாத்திக்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனச்சேன், மாத்தினேன். கடைசில போர்டுல இருந்தது என் ராஜா, என் ஒரே ஒரு சிப்பாய், அவளோட ராஜா. ராணி ஆக்கணும், அவ்வளவுதானே? சிப்பாயை விறுவிறுன்னு தள்ளினேன். ஏழாவது வரிசை வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு நேர் எதிர்ல எட்டாவது வரிசைல அவளோட ராஜா நின்னுச்சு. இப்போ என் மூவ். ராஜாவை சிப்பாய்க்கு நேர் பின்னாடி வெச்சா அவளுக்கு நகர இடமே இல்ல, செக்கும் இல்ல, அதாவது ஸ்டேல்மேட். வேற எங்க வெச்சாலும் சிப்பாய் காலி. ரெண்டுமே டிரா.

"அங்கிள், டிரா"ன்னு கை நீட்டினா. எனக்கு வயசு 28. அந்த "அங்கிள்" ஒரு பக்கம் வலிச்சுது. அதைவிட வலிச்சது அடுத்து நடந்தது. அவளே காய்களைத் திரும்ப அடுக்கினா. சிப்பாயை நாலாவது வரிசைல வெச்சு, "இங்கயே ஜெயிச்சிருக்கலாம். சிப்பாயைத் தள்ளக்கூடாது. ராஜா முன்னாடி போகணும், சிப்பாய் பின்னாடி வரணும்"னு செஞ்சு காட்டினா. உங்க ராஜா ஆறாவது வரிசைக்குப் போய், சிப்பாய் அதுக்குப் பின்னாடி இருந்தா, யாரோட மூவா இருந்தாலும் ஜெயிச்சிடலாம். ஓரத்துல இருக்கிற ரெண்டு வரிசைச் சிப்பாய்க்கு மட்டும் இது பொருந்தாது. முப்பது செகண்டுல சொல்லிட்டா. ரெண்டாயிரம் கேம் ஆடின எனக்கு அது தெரியல.

வீட்டுக்கு வந்ததும் ஒரு விஷயம் புரிஞ்சுது. நான் ரெண்டு வருஷமா செஸ் ஆடினேன். கத்துக்கவே இல்ல. ஆடுறது வேற, கத்துக்கறது வேற.

அன்னைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். பழைய தோல்வி கேம்கள்ல கடைசி முப்பதை எடுத்தேன். கம்ப்யூட்டர் இன்ஜினைப் போடாம, ஒவ்வொண்ணுலயும் "எங்க தோத்தேன், அப்போ என்ன நெனச்சேன்"னு எழுதினேன். முப்பதுல பத்தொன்பது கேம், ஏதோ ஒரு காயை சும்மா தூக்கிக் கொடுத்ததால போச்சு. ஆறு கேம் நேரம் தீர்ந்து போச்சு. மூணு எண்ட்கேம் தெரியாம. ஓப்பனிங்கால தோத்தது ரெண்டே ரெண்டு. ஆனா நான் யூட்யூப்ல பாத்தது என்ன? எல்லாமே ஓப்பனிங் டிராப் வீடியோ! கால்ல அடிபட்டிருக்கு, நான் தலைக்குத் தைலம் தேச்சுட்டு இருந்திருக்கேன்.

இன்ஜினை ஏன் போடலன்னு கேப்பீங்க. இன்ஜின் சரியான மூவைக் காட்டும், ஆனா நீங்க ஏன் தப்பான மூவை ஆடினீங்கன்னு அதுக்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குகேஷோட கோச் விஷ்ணு பிரசன்னாகூட சின்ன வயசுல அவரை இன்ஜின் பக்கம் போகவிடாம, தானா யோசிக்கத்தான் வெச்சார். முதல்ல நீங்க எழுதுங்க. அப்புறமா இன்ஜினைப் போட்டு, ரெண்டும் எங்க ஒத்துப்போகலன்னு பாருங்க. பாடம் அங்கதான் இருக்கு.

காயைத் தூக்கிக் கொடுக்கிறது நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 2006ல ஜெர்மனியோட பான் நகரத்துல டீப் ஃபிரிட்ஸ்ங்கிற கம்ப்யூட்டரோட ஆடினப்போ, அப்போ உலக சாம்பியனா இருந்த கிராம்னிக், ஒரே மூவ்ல வர்ற செக்மேட்டைக் கவனிக்காம விட்டார். உலக சாம்பியனே! அதனால இதுக்கு மருந்து திறமை இல்ல, பழக்கம். ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி மூணு கேள்வி: நான் இதை ஆடினா எதிராளி எங்க செக் கொடுக்கலாம்? எதை வெட்டலாம்? எதை மிரட்டலாம்? மூணையும் பாத்துட்டு அப்புறம் காயைத் தொடுங்க. மூணு நிமிஷ பிளிட்ஸ்ல இது முடியாது. அதனாலதான் நான் இப்போ 15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்டு கூடுதல் கிடைக்கிற கேம் மட்டும் ஆடுறேன். வாரத்துக்கு மூணு. லிச்செஸ்ல எல்லாமே இலவசம், காசு கட்டி கோர்ஸ் எதுவும் வாங்கல.

புதிர் தினமும் பத்து நிமிஷம். ஆனா ஒரு கண்டிஷன்: எதிராளியோட பதிலையும் சேத்து மனசுக்குள்ள முடிவு வரைக்கும் பாத்துட்டுதான் முதல் காயை நகர்த்தணும். "இதுவா இருக்கும்"னு தட்டிப் பாக்கிறது புதிர் இல்ல, லாட்டரி.

எண்ட்கேம் பக்கம் வந்தா, அந்தக் குட்டிப் பொண்ணு சொன்னதுலதான் ஆரம்பிச்சேன். சின்ன விஷயம்னு நெனச்சீங்களா? சிங்கப்பூர் ஃபைனல் கேமுக்கே போங்க. பதினாலாவது கேம், கிட்டத்தட்ட டிரா. 55வது மூவ்ல டிங் தன்னோட யானையை எஃப்2 கட்டத்துல வெச்சார். குகேஷ் யானையை மாத்தினார், அப்புறம் பிஷப்பையும் மாத்தவெச்சார். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். அதுல குகேஷ் ஜெயிக்கிற பொசிஷன். 58வது மூவோட ஆட்டம் முடிஞ்சுது. உலக சாம்பியன் பட்டமே கடைசில "இப்போ காயை மாத்தினா, மிச்சம் இருக்கிற ராஜா–சிப்பாய் ஆட்டம் யாருக்கு?"ங்கிற கேள்வில வந்து நின்னுச்சு. யானையை மாத்தினதும் வேலை முடிஞ்சதுன்னு நெனச்ச எனக்கும், அந்தப் பொண்ணு கேட்டது அதே மாதிரி கேள்விதான்.

எட்டு மாசம் ஆச்சு. ரேட்டிங் இப்போ 1340. பெரிய சாதனை இல்ல, தெரியும். ஆனா தோத்தா இப்போ கோபம் வர்றதில்ல, நோட்டு எடுக்கத் தோணுது. பதினோரு மணிக்கு மேல போர்டு கிடையாது. கேம் நடுவுல அம்மா போன் வந்தா எடுக்கிறேன். போன வாரம் அப்படி ஒரு கேம் நேரம் தீர்ந்து தோத்தேன். நோட்டுல காரணம் எழுதியிருக்கேன்: "அம்மா. சரியான மூவ்."

உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். இன்னைக்கு ராத்திரி புது கேம் ஆடாதீங்க. கடைசியா தோத்த கேமைத் திறங்க, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. எந்த மூவ்ல போச்சு, அப்போ என்ன நெனச்சீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. எழுதினதை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேந்து பாப்போம்.

அடுத்த மாசம் அதே டோர்னமெண்ட் மறுபடியும் வருது. பேரைக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணும் வருவான்னு நெனக்கிறேன். அங்கிள் ரெடி.