தகரப்பெட்டியில் நம் சரித்திரம்



நம் முன்னோர் கப்பலேறி வந்து கோலசிலாங்கூர் வட்டாரத்தில் காடழித்து ரப்பர் நட்டார்கள். அதற்கு எழுத்துச் சாட்சி உண்டா? உண்டு. 1957-இல் தொடங்கிய அர்க்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம், கோலாலம்பூரில் இருக்கிறது. 1875 முதலான சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே பத்திரமாக உள்ளன. தேடும்போது பழைய பெயரையே சொல்லுங்கள். இன்றைய பெஸ்தாரி ஜெயா, அன்று பத்தாங் பெர்ஜுந்தை.

ஆனால் அவற்றில் பெரும்பாலும் துரைமார், அதிகாரிகள் பேச்சுத்தான். நம் பேச்சு எங்கே? பிறப்புப் பத்திரம், சம்பளத் துண்டு, தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, கோயில் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் இருக்கிறது. தோட்டம் கைமாறி லயம் இடிபடும்போது இவை குப்பைக்குப் போய்விடலாம். பிறகு பிள்ளையின் குடியுரிமைக்கு மனுப் போடும்போது, பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டால் என்ன காட்டுவோம்?

இன்றிரவே தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கரையானுக்கு முன் நாம் முந்திக்கொள்வோம்.