மார்ச் மாதத்து மலை



2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றத்துக்குப் போனவர்களை வளைத்துக்கொண்டது. பெரும்பாலோர் சென்னையிலிருந்து சென்ற இளம் வயதினர். பெண்களே அதிகம். கொழுக்குமலை வரை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள். முதலில் 9 உடல்கள் கிடைத்தன. பிறகு மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறக்க, எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

காட்டுத்தீக்கு வழிவிடுவது வறட்சி. சென்னையில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இருக்கும் நமக்கு வறட்சி என்றால் வற்றிய குழாய், வராத லாரி. 2019-இல் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டோம். மலையில் அதற்கு வேறு முகம். மழையில் ஆளுயரம் வளர்ந்த புல், பனி முடிந்ததும் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். மழை பொய்த்த ஆண்டில் ஓடைகளும் வற்றிவிடும். தீயைத் தடுக்க ஈரமான இடமே இராது. அதே 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காடு எரிந்தது. ஆண்டுக் கடைசியில் ஆஸ்திரேலியா, நீண்ட வறட்சிக்குப் பிறகு. அங்கே தீயில் மட்டும் 33 பேர் மாண்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமவெளித் தீயைவிட மலைச்சரிவில் மேலேறும் தீ பல மடங்கு வேகமானது. அனல் முன்னே போய் மேலிருக்கும் புல்லைக் காயவைத்துவிடும். சுடர் பின்னால் வந்து பற்றவைக்கும். அதனால் மேல்நோக்கி ஓடித் தப்புவது மிகக் கடினம். குறுகிய பள்ளமும் ஆபத்து, அனலும் புகையும் அதன் வழியாகத்தான் மேலே பாயும். குரங்கணியில் பதறி ஓடியவர்கள் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையும் புல்லில்லாத பாறையும்தான் ஓரளவு பாதுகாப்பு. இதை நகரத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குரங்கணியில் முதலில் ஓடிவந்து காப்பாற்றியவர்கள் மலைக் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளர்களும். காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன.

2018-லேயே மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு விதிமுறைகள் வகுத்தது. இன்று வனத்துறையே வழிகாட்டிகளோடு நடத்தும் மலையேற்றத் திட்டத்திலும் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடிவிடுகிறார்கள். பரீட்சைக்கு முன்னால் ஒரு பயணம் போய்வரலாம் என்று அடையாறில் நண்பர்கள் கூடித் திட்டமிடுகிற அதே வாரங்களில், வனப் பணியாளர்கள் சரிவுகளில் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.